வலையை எடுத்துவிட்டால் வலி போய்விடுமா?

குடியாத்தம் வட்டாரத்திலிருந்து கைத்தறி நெசவாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44. அவருடைய பெயர், ஊர், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை ஆகிய விவரங்களை இங்கே தவிர்த்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

பதினாறு மாதங்களுக்கு முன்பு அவருக்கு வலது தொடை இடுக்கில் குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்தது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். தனியார் மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டு, திறந்த முறையில் அறுத்து, வயிற்றுச் சுவரைத் தாங்கும் பிளாஸ்டிக் இழை வலை வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். தையல் நன்றாக ஆறியது, புடைப்பும் மீண்டும் வரவில்லை, வலி மட்டும் நிற்கவில்லை. "கைலி முடிச்சு அந்த இடத்தில் பட்டாலே மிளகாயைத் தேய்த்ததுபோல எரிகிறது, இப்போதெல்லாம் முடிச்சை இடப்பக்கம் தள்ளித்தான் கட்டுகிறேன். தறிக்குழியில் உட்கார்ந்து வலது காலால் மிதியை அழுத்தினால் தழும்பிலிருந்து விரை வரைக்கும் சுரீரென்று இழுக்கிறது" என்று எழுதுகிறார். முன்பு நெய்ததில் பாதிகூட நெய்ய முடியவில்லை. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுமாறு அனுப்பிவிட்டார்கள். மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கிப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார்.

இதற்கிடையே இடப்பக்கத்திலும் சிறிய புடைப்பு தெரிகிறது. அதையும் அறுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டில் மூன்று முன்னுதாரணங்கள். தந்தைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வலை வைக்காமல் தையல் மட்டும் போட்டார்கள். வலி இல்லை, ஆனால் சில ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்பி வந்தது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் மைத்துனருக்கு லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்யும் அறுவை. இரண்டாவது வாரமே வேலைக்குப் போய்விட்டார். அக்காவுக்கு சிசேரியன் தழும்பில் வந்த ஹெர்னியாவுக்கு வலை வைத்தார்கள். அவரும் நலமாக இருக்கிறார். "எனக்கு மட்டும் ஏன்? வலை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? டாக்டர் செய்த தவறு என்றால் வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, இன்னொரு வரி இருக்கிறது: மனைவியோடு சேரும்போது முடிவில் தாங்க முடியாத வலி வருகிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்புள்ள நெசவாளருக்கு,

உங்கள் வலி உண்மையானது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அதை மனப்பிரமை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குடலிறக்கம் திரும்பியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்பதை ஓரளவு நன்றாகக் காட்டும். தழும்புத் திசுவில் சிக்கிய, நூல்போல மெல்லிய நரம்பை அது பெரும்பாலும் காட்டாது. எனவே உங்களுக்குக் கிடைத்த "நார்மல்" என்ற சொல்லுக்கு, குடலிறக்கம் திரும்பவில்லை என்ற அளவில்தான் பொருள்.

அறுவைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டியும் அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு நீடிக்கும் வலியைத்தான் நாங்கள் நாள்பட்ட வலி என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். தொடை இடுக்குக் குடலிறக்கம் பற்றி 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, பொருட்படுத்தத்தக்க வலி நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பேருக்கு இருக்கிறது. தொழிலையும் நடமாட்டத்தையும் முடக்கும் வலி நூற்றுக்கு அரை முதல் ஆறு பேர் வரை. பலருக்கு இது காலப்போக்கில் குறைகிறது. ஆக, இது அரிதான சாபம் ஒன்றுமில்லை. இந்த அறுவையின் அறியப்பட்ட பின்விளைவு. அறுவைக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியது. இளவயதினருக்கும், பெண்களுக்கும், அறுவைக்கு முன்பே அந்த இடத்தில் வலி அதிகமாக இருந்தவர்களுக்கும், அறுவை முடிந்த முதல் சில நாட்களில் கடுமையாக வலித்தவர்களுக்கும், திரும்பி வந்த குடலிறக்கத்துக்காக மறுபடி அறுத்துக்கொண்டவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு கூடுதல். அறுவை முடிந்த முதல் வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் போகும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்கும் மைத்துனருக்கும் உங்களுக்கும் நடந்தவை வேறு வேறு அறுவைகள்

உங்கள் தந்தைக்கு நடந்தது, வயிற்றுச் சுவரில் விட்டுப்போன இடத்தைப் பக்கத்துத் தசைநார்களை இழுத்துத் தைத்து மூடும் முறை. இத்தாலியில் பஸ்ஸினி 1880-களில் தொடங்கிவைத்த வழி அது. கனடாவின் டொரொன்டோவில் ஷோல்டைஸ் அதைப் பல அடுக்குத் தையலாகச் செப்பம் செய்தார். இழுத்துத் தைப்பதில் இறுக்கம் இருக்கும். இறுக்கம் உள்ள தையல் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். தந்தைக்குக் குடலிறக்கம் திரும்பி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இழுக்காமல் மேலே ஒரு வலையைப் பொருத்தும் முறையை அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் 1980-களில் பரப்பினார். உங்களுக்குச் செய்தது பெரும்பாலும் இதுவே. வலை வந்தபின் குடலிறக்கம் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, 46 பேருக்கு வலை வைத்தால் அவர்களில் ஒருவருக்குத் திரும்பி வராமல் தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். இரண்டாம் முறை அறுபடும் வேதனையை அறிந்தவர்களுக்கு அது சிறிதல்ல.

ஆனால் வலி என்று வரும்போது, "வலை வைத்தால் வலி, வைக்காவிட்டால் வலி இல்லை" என்று கோடு கிழிக்க முடியாது. தையல் மட்டும் போட்டவர்களுக்கும் நாள்பட்ட வலி வருகிறது. காரணம், முன்புறமாகத் திறக்கும் எந்த முறையாக இருந்தாலும் கத்தி போகும் பாதையில் மூன்று மெல்லிய நரம்புகள் குறுக்கிடுகின்றன: இலியோ இங்குவினல், இலியோ ஹைப்போகாஸ்ட்ரிக், ஜெனிட்டோஃபெமரல் நரம்பின் ஜெனிட்டல் கிளை. அடிவயிற்றின் கீழ்த் தோல், தொடையின் உட்புற மேல்பகுதி, விரைப்பையின் மேல்தோல் ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருபவை இவை. ஆளுக்கு ஆள் இவை போகும் தடம் சற்று மாறும். இவற்றில் ஒன்று தையலில் சேர்ந்து கட்டப்பட்டிருக்கலாம், இழுபட்டிருக்கலாம், அறுபட்ட முனையில் நரம்புக் கட்டி வளர்ந்திருக்கலாம், ஆறும்போது உருவான தழும்பு அதை இறுக்கியிருக்கலாம்.

உங்கள் மைத்துனருக்குச் செய்த லேப்ராஸ்கோபியில் வலையைத் தசைக்குப் பின்புறமாக, வயிற்றின் உட்பக்கமிருந்து பரப்புகிறார்கள். முன்பக்கத்து நரம்புகளின் வழிக்கு அவர்கள் அநேகமாகப் போவதில்லை. அதனால் திறந்த முறையைவிட இதில் தொடக்க வலியும் நாள்பட்ட வலியும் மரத்துப்போவதும் குறைவு. வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் அங்கேயும் வேறு நரம்புகள் உண்டு. வலையைப் பிடித்து நிறுத்த அடிக்கும் சிறு ஆணிகள் இடம் மாறிப் பட்டால், தொடையின் முன்புறத்திலோ வெளிப்புறத்திலோ எரிச்சலும் மரப்பும் வரும். கை பழகாத மருத்துவர் செய்தால் லேப்ராஸ்கோபியின் நன்மை கைக்கு வராது. 50 முதல் 100 அறுவைகள் செய்த பிறகே அதில் தேர்ச்சி அமைகிறது என்று அதே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படும்.

அக்காவின் கதையை இதில் சேர்க்க வேண்டாம். வயிற்றின் நடுவில் வந்த தழும்புக் குடலிறக்கம் வேறு இடம், வேறு நரம்புகள், வேறு சிக்கல்கள். அவருக்கு வலை ஒத்துக்கொண்டது என்பதோ உங்களுக்கு வலிக்கிறது என்பதோ வலையின் குணத்தைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

"லேசர் ஹெர்னியா" என்று இப்போது சுவரெங்கும் விளம்பரம் பார்க்கிறோம். அது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன். வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டையை லேசர் ஒளி மூடுவதில்லை. எந்தப் பெயரில் செய்தாலும் அடைப்பது தையலோ வலையோதான். அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் வலி எந்த வகை

இப்போதைய முதல் வேலை, இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. அறுவைக்குப் பின்வரும் வலியில் மூன்று சாயல்கள் உண்டு, ஒரே ஆளுக்கு அவை கலந்தும் இருக்கும். முதலாவது நரம்பு வலி: எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற இழுப்பு, துணி பட்டாலே வலிப்பது, பக்கத்திலேயே மரத்துப்போன பகுதி. இரண்டாவது திசு வலி: வலை சுருண்டு மடிந்திருந்தாலோ, இடுப்பு முன்னெலும்பின் மேலுறையில் தையல் பிடித்திருந்தாலோ வரும் ஆழ்ந்த வலி, விரலால் அழுத்தினால் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வலிக்கும், பாரம் தூக்கினால் கூடும். மூன்றாவது விரையிலும் விந்துக்குழாயிலும் உணரப்படும் வலி. கைலி முடிச்சைப் பற்றியும் சுரீரென்ற இழுப்பைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், முதல் வகை முன்னே நிற்பதாகவும் மூன்றாவது அதோடு சேர்ந்திருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது முறையாகாது.

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். நூல் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஓர் இழை பருத்தி நூலின் நுனியால் தழும்பைச் சுற்றி, நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். நூல் பட்டது தெரியாமல் போகும் இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வையுங்கள். எரிச்சலாக மாறும் இடத்தில் சிறு பெருக்கல் குறி போடுங்கள். தழும்பின் மேலும் கீழும், தொடையின் உட்புறமும், விரைப்பையின் மேல்தோலும் விட்டுப்போக வேண்டாம். எல்லாம் முடிந்ததும் மனைவியைவிட்டுச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நரம்புகளில் எது பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதற்கு இந்தப் படம் மருத்துவருக்குப் பெரிய துப்பு. நானும் என்னிடம் வருபவர்களின் தோலில் முதலில் இதைத்தான் வரைகிறேன். ஸ்கேன் அறிக்கை அதற்கு அடுத்துத்தான்.

மருத்துவர் வேறு சிலவற்றையும் விலக்க வேண்டும். தறிக்குழியில் இடுப்பை மடக்கி மணிக்கணக்கில் மிதிப்பவர்களுக்கு இடுப்பு மூட்டிலும் தொடைத் தசைநார்களிலும் கோளாறு வந்து, அந்த வலியும் தொடை இடுக்கில்தான் தெரியும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக் காலை உட்புறமாகத் திருப்பும்போது அதே வலி வந்தால் மூட்டைச் சோதிக்க வேண்டும். முதுகெலும்பிலிருந்து கிளம்பும் நரம்பு வலியும், நம் வெயில் ஊரில் அடிக்கடி பார்க்கும் சிறுநீரகக் கல்லும்கூட விரையில் வந்து வலிக்கும். ஸ்கேனை மறுபடி எடுத்தால், நின்றபடியும் இருமியபடியும் எடுக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் தப்பிவிடுவது அப்போது தெரியலாம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள்

இதில் சற்றுக் கண்டிப்பாகவே பேசுகிறேன். டைக்ளோஃபினாக் வீக்கத்தால் வரும் வலிக்கு உதவும். நரம்பு வலிக்கு அதன் பயன் மிகக் குறைவு. பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் இரைப்பையில் புண், இரத்தக்கசிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரக்கூடும். வேலூர்ப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், காற்றோட்டமில்லாத தறிக்கூடத்தில் வியர்வை வழிய உட்கார்ந்து, எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்காமல் நெய்பவர்கள் இந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியேட்டினின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மலம் தார்போலக் கருத்துப் போனால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் உண்டு: இரவில் மிகக் குறைந்த அளவில் தொடங்கும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்பதால், அதைச் சீட்டில் எழுதியதும் "என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள்" என்று சிலர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். நரம்பு வலிக்கு அது தனியாகவே வேலை செய்கிறது. இந்த மருந்துகள் ஒரே நாளில் பலன் தராது. சில வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், வாய் வறட்சி வரலாம். பழகும்வரை இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் இவை முழுப் பலன் தரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். வலி பாதியாகக் குறைந்து, இரவில் தூக்கம் வந்தாலே பலரால் வேலைக்குத் திரும்ப முடிகிறது. லிக்னோகெயின் கலந்த ஒட்டுப்பட்டையும் தோல் எரிச்சலுக்குச் சிலருக்கு உதவுகிறது.

அடுத்த படி, நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவது. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகில் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். வெளிநோயாளியாகவே செய்துகொண்டு வீடு திரும்பலாம். இது சிகிச்சை மட்டுமில்லாமல் சோதனையும்கூட. ஊசி போட்ட சில மணி நேரத்துக்கு வலி அடியோடு மறைந்தால் குற்றவாளி அந்த நரம்புதான் என்று தெரிந்துவிடும். எனவே ஊசி போட்ட நாளில் படுத்துக் கிடக்காமல், எந்தச் செயல் வலியைக் கிளப்புகிறதோ அதைச் செய்து பாருங்கள்: முடிச்சை வலப்பக்கம் கட்டுங்கள், காலை ஊன்றிப் படியேறுங்கள், எத்தனை மணிக்கு வலி திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவரும், மயக்கவியல் துறையைச் சேர்ந்த வலி சிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்க்கும் பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. வேலூரிலும் அடுக்கம்பாறையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கும் மாவட்டத்தில் வாழ்கிறீர்கள். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகுங்கள். எந்தச் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் வருகிறது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலையை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. ஒரேயடியாகப் படுத்துவிட்டால் தசை தளர்ந்து, பிறகு சிறிய அசைவுக்கும் வலிக்கும். உட்காரும் பலகையின் மேல் மடித்த போர்வையைப் போட்டு இடுப்பு மடங்கும் கோணத்தைக் குறையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை குழியைவிட்டு எழுந்து நடங்கள். இனி வாழ்நாள் முழுக்கப் பாரமே தூக்கக் கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறு மாதம் கழிந்த வலைக்கு அப்படியொரு தடை இல்லை. அம்மா கத்திரிக்காயைக் கரப்பான் என்று சொல்லி ஓராண்டுக்கு மேலாக நிறுத்தி வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாவட்டத்துக்காரருக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை மறுப்பது கொடுமை. நரம்பு வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

வலையை எடுப்பது பற்றி

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலையை, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதுபோல நிராகரிப்பதில்லை. அதைச் சுற்றித் தழும்பு வளர்கிறது. அந்தத் தழும்புதான் சுவரைப் பலப்படுத்துகிறது, சிலருக்கு நரம்பையும் பிடித்துக்கொள்கிறது. பதினாறு மாதத்தில் வலையும் தசையும் பின்னிப் பிணைந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கும்போது விரைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சேதமாகி விரை சுருங்கிப்போகலாம், விந்துக்குழாய் அறுபடலாம், குடலிறக்கம் திரும்பி வரலாம். இத்தனைக்கும் பிறகு வலி நீடித்தவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வலி நரம்பில் இருந்தது. வலை மடிந்து உருண்டிருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால், அல்லது வலையில் கிருமித்தொற்று இருந்தால், எடுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை.

மருந்தும் ஊசியும் நிலையான பலன் தராமல், ஆனால் ஊசி போட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் வலி முழுதாக மறைந்ததென்றால், அந்த மூன்று நரம்புகளையும் தேடி வெட்டிவிடும் அறுவை இருக்கிறது. பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. அதற்கு ஈடாக அந்தப் பகுதித் தோல் நிரந்தரமாக மரத்துப்போகும்; பலன் கிடைக்காதவர்களும் உண்டு. அதை அடிக்கடி செய்து பழகியவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்ற காரணம் இங்கே செல்லாது.

இடப்பக்கத்துப் புடைப்பு

இதற்கு அவசரம் இல்லை. தொந்தரவு இல்லாத, அல்லது மிகக் குறைவாகத் தொந்தரவு தரும் குடலிறக்கம் உள்ள 700-க்கும் மேற்பட்ட ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை, மற்றவர்களுக்குக் காத்திருப்பு என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலை ஏற்பட்டது, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் இரண்டு பேருக்கு மட்டுமே. ஆனால் அவர்களில் கால்வாசிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் வலி கூடியதால் அறுவைக்கு வந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் செய்துகொண்டிருந்தார்கள். எனவே காத்திருப்பது பாதுகாப்பானது, ஆனால் என்றைக்காவது அறுவை தேவைப்படலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாளை வலப்பக்கத்து வலி கட்டுக்குள் வந்த பிறகு வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

அப்போது என்ன முறை? உங்கள் நிலையில் பழகிய கையால் செய்யும் லேப்ராஸ்கோபியை நான் விரும்புவேன். முன்பக்கத்து நரம்புகளை மறுபடி சீண்டாமல் இருக்கலாம். வயிற்றுக்குள்ளிருந்து செய்யும் வகையாக இருந்தால் வலப்பக்கத்துச் சுவரையும் உள்ளிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அறுவை மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், வலையை ஆணி அடித்துப் பொருத்துவீர்களா அல்லது அது இல்லாமலே வைப்பீர்களா, வலப்பக்கம் வலி இருக்கும் எனக்கு முதல் வார வலியை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? இந்தக் கேள்விகளால் கோபப்படும் மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில், புடைப்பு கல்லாக இறுகி உள்ளே போகாமல் நின்றாலோ, நிறம் மாறினாலோ, அதோடு வாந்தியும் வயிற்று உப்பசமும் வந்து காற்று பிரியாமல் இருந்தாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று பார்ப்பதும், எண்ணெய் தடவி உள்ளே தள்ளுவதும் குடலை அழுகவிடும். கடையில் வாங்கிய இடுப்புப் பட்டை குடலிறக்கத்தைக் குணமாக்காது, உறுத்தினால் கழற்றிவிடுங்கள்.

கையெழுத்துக்குக் கீழே எழுதிய வரி

அதை எழுதியதற்கு நன்றி. இந்த அறுவைக்குப் பின் விந்து வெளியேறும்போது வலி வருவது மருத்துவ நூல்களில் பதிவான ஒன்று. விந்துக்குழாய் தழும்பில் இழுபடுவதாலோ, ஜெனிட்டல் கிளை நரம்பு பாதிக்கப்படுவதாலோ வருகிறது. ஆண்மை போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. நீங்கள் விலகி இருப்பதற்கு உங்கள் மனைவி வேறு காரணம் கற்பித்துக்கொண்டிருக்கக்கூடும். வலிக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடமும் இதை மறைக்காதீர்கள்: எந்த நரம்பில் ஊசி போடுவது என்ற முடிவையே இது மாற்றக்கூடும். வலி விரையிலேயே தொடங்கினால் விரைக்கு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

வழக்கு

நாள்பட்ட வலி வந்துவிட்டது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. கவனமாகச் செய்த கைகளிலும் இது வருகிறது. ஆனால் இப்படியொரு வலி வரலாம் என்று அறுவைக்கு முன் உங்களுக்குச் சொன்னார்களா, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அது இருந்ததா என்பது நியாயமான கேள்வி. பணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிட வேண்டும். அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தவறு நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, அதற்கு வேறொரு நிபுணரின் கருத்து வேண்டியிருக்கும். போடலாமா வேண்டாமா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் மருத்துவப் பதிவேடுகளின் நகலை இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுவின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் அவர்கள் அதைப் பாதுகாக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்த நரம்புகளைக் கண்டார்கள், எதைக் காப்பாற்றினார்கள் அல்லது வெட்டினார்கள், வலையை எதனால் பொருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வலையின் பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சிட்ட சிறிய ஒட்டுச்சீட்டு கோப்பின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதன் நகலும் தேவை. வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது அந்தத் தாளோடு, பேனாவால் குறித்து எடுத்த படத்தையும், நீங்கள் இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.